சுவருக்கு அந்தப் பக்கத்து மோட்டர்

என் கடைசல் மிஷின் நின்றுபோனதற்கு நான் ஒரு பெண்ணைக் குற்றம் சொன்னேன். காதோடு காதாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில், இருபது பேர் கேட்கச் சொன்னேன். மிஷினை ஒரு வாரத்தில் சரி செய்துவிட்டேன்.

அந்த மிஷின் நானே கட்டியது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில் பாதியைத் தகரம் அடித்து மறைத்து, அதற்குள் நிறுத்தியிருக்கிறேன். ஹட்டனில் பழைய இரும்புக் கடையில் எடுத்த அரைக் குதிரைவலு மோட்டர், ஏதோ தண்ணீர்ப் பம்பிலிருந்து கழற்றியது. அதில் ஒரு கப்பி. மரத்தைப் பிடித்துச் சுழற்றும் தண்டில் இன்னொரு கப்பி. இரண்டையும் இணைக்க ஒரு கறுப்பு பெல்ட். தண்டின் இரு முனையிலும் பெயரிங். வேண்டாமென்று பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டையும் காற்றில் முறிந்த டர்பன்டைன் மரக் கிளையும்தான் என் மரங்கள். மத்து, பூரிக்கட்டை, மெழுகுவர்த்தித் தண்டு என்று கடைந்துகொண்டிருப்பேன்.

பகலில் ஹட்டனில் கொப்பி, பேனா விற்கும் ஒரு காகிதாதிக் கடையில் நிற்பவன் நான். எழுதுகிறவன் என்றும் சிலர் சொல்வார்கள். இருந்த இடத்தில் இருக்கத் தெரியாதவன் என்று என் மனைவி சொல்வாள். சாப்பிடும்போது எழுந்து ஜன்னலைத் திறப்பேன், திறந்ததை மூடுவேன், பாதிக் கவிதையில் செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஏறுவேன். மரம் சுற்றத் தொடங்கினால் மட்டும் நான் நின்றுவிடுவேன். உளி நுனியிலிருந்து சுருள் சுருளாக மரம் உரிந்து கையில் விழும், வெதுவெதுப்பாக, வறுத்த வாசனையோடு. அந்த அரை மணி நேரம் என் உடம்புக்குள் வேறு எதுவும் சுற்றாது. அதைப் பிடுங்கியது யாரென்று தேடியபோதுதான் என் கண் தவறான சுவரைப் பார்த்தது.

எங்கள் லயத்தில் வரிசையாக ஆறு வீடு, ஒரே கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழ இடைவெளி வழியாகக் கருவாட்டு வாசனையும் இருமலும் பாட்டும் தாராளமாக வந்துபோகும். எங்களுக்கு அடுத்த வீடு அக்காவுடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். லயத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவார், மாலையில் தைப்பார். கணவர் இல்லை. மகள் கல்யாணமாகி இறம்பொடைப் பக்கம் போய்விட்டாள். போன வருடம் மழையில் வழுக்கி விழுந்து அக்காவின் வலது முழங்கால் பிசகியது. தையல் மிஷினை மிதிக்க முடியாமல் போனதும், மகள்தான் அதற்கு ஒரு சின்ன மோட்டர் வாங்கி வந்து பொருத்திவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மாலையானால் சுவருக்கு அந்தப் பக்கம் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். விட்டு விட்டு வரும். ஒரு பெரிய வண்டு ஜாக்கெட் துணிக்குள் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் அந்த வண்டுக்கு ஓய்வே கிடையாது. மேல் லயம், கீழ் லயம் எல்லாப் பெண்களுடைய இரவிக்கைத் துணியும் அக்காவிடம்தான் வரும். பையில் பெயர் எழுதிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவார். சொன்ன நாளுக்குக் கொடுத்துவிடுவார். அதுதான் அவருக்குப் பெருமை. "தீவாளிக்கு மொத நாளு வந்து கதவத் தட்டுற வேல எங்கிட்ட கெடையாது. அதுக்கு முன்னாடியே நான் வந்து ஒங்க கதவத் தட்டுவேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருடம் ஆயுத பூசை முடிந்த இரண்டாம் நாள் என் மிஷின் படுத்துக்கொண்டது.

சுவிட்சைப் போட்டால் சுற்றும், நன்றாகவே சுற்றும். உளியை மரத்தில் வைத்ததும் வேகம் இறங்கும். கொஞ்சம் அழுத்தினால் மரம் சோர்ந்து நின்றுவிடும். உளியை எடுத்தால் மறுபடி மெல்லச் சுற்றத் தொடங்கும். உளி மழுங்கிவிட்டதோ என்று தீட்டினேன். கட்டை ஈரமோ என்று வேறு கட்டை மாட்டினேன். இரண்டு முனையிலும் இறுக்கத்தைத் தளர்த்தினேன். எதற்கும் அசையவில்லை. நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்க ஐந்தரை ஆகும். அக்காவும் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து தையலில் உட்காரும் நேரம் அதுதான். நான் உளியை வைப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் 'கிர்ர்' என்னும். என் மரம் நிற்கும். மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் என் காது தீர்ப்பு எழுதிவிட்டது.

மாலையில் எங்கள் லயத்தில் பல்பு மங்குவது உண்மை. வயர் கடைசிக் கம்பத்திலிருந்து வருகிறது. ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பும் டீவியும் ஓடும். அந்த உண்மையின் மேல் என் பொய்யை ஏற்றி வைத்தேன்.

அந்த ஞாயிறு பீலியில் யாரோ பல்பு மங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். என்னை யாரும் கேட்காமலே பதில் சொன்னேன்.

"ஏன்னு தெரியாதா? அக்கா வீட்டுல தையலுக்கு மோட்டர் போட்டிருக்காங்கள்ல. சாயங்காலமானா லயத்துக் கரண்ட்ட அதுதான் இழுக்குது. என் மிஷினு நின்னே போச்சு."

"அதான் எங்க டீவி அந்தத் துடி துடிக்குதா?" என்றாள் ஒருத்தி.

"எங்க குக்கர்ல முந்தாநாளு சோறே வேகலங்க" என்றாள் இன்னொருத்தி.

"நீ மொதல்ல அரிசி போட்டியாடி?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வரிசையில் மூன்றாவதாக, இடுப்பில் குடத்தோடு, எடையெல்லாம் இடது காலில் போட்டு நின்றிருந்தார்.

"தம்பி, அது சின்ன மோட்டருங்க" என்றார். "ஒரு பல்பு எவ்வளவு கரண்ட் எடுக்குமோ அவ்வளவுதான் எடுக்கும்னு கடக்காரரு சொன்னாராம், மக சொன்னா."

"விக்கிறவங்க ஆயிரம் சொல்லுவாங்க அக்கா. நான் மிஷின் வச்சிருக்கிறவன். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். வாழ்க்கையில் எத்தனையோ வரிகளை எழுதி அடித்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்ன இந்த வரியை அடிக்க வழியில்லை.

அக்கா தன் முறை வந்ததும் குடத்தை வைத்து நிரப்பினார். போகும்போது, "சரிங்க தம்பி. நல்ல நாளும் அதுவுமா எதுக்குக் கரச்சல்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை சத்தம் மாறியிருந்தது. 'கிர்ர்' இல்லை. 'டடக், டடக், டடக்' என்று நாலைந்து மிதி, பிறகு ஒரு நிறுத்தம், மறுபடி நாலைந்து. அக்கா மோட்டரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த நிறுத்தங்களில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் அன்று என் காது முழுதும் என் மிஷின்மேல் இருந்தது. சுவிட்சைப் போட்டு உளியை வைத்தேன். நிற்கவில்லை. சுருள் சுருளாக மரம் விழுந்தது.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் அப்படியே ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? நான் சொன்னது சரியா இல்லியா?" என்றேன் மனைவியிடம்.

அவள் கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். "மூணு நாளா பனியும் இல்ல மழையும் இல்ல. துணிகூட அன்னைக்கே காயுது. எல்லாமே நல்லாத்தான் ஓடும்" என்றாள்.

அதில் மிஷினுக்கான விடை முழுதும் இருந்தது. எனக்கு அது துணியைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்டது.

புதன்கிழமை மாலை அக்கா எங்கள் கதவைத் தட்டினார். மனைவியின் இரவிக்கையைக் கொடுத்தார். இஸ்திரி போட்டு, பட்டன் வைத்து, மிச்சத் துணியையும் மடித்து உள்ளே வைத்து. "பக்கத்து வீட்டுக்காரவங்க காத்துக் கெடக்கக் கூடாதுல்ல. அதான் ஒன்னோடத மொதல்ல முடிச்சேன்" என்று அவளிடம் சொன்னார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். திரும்பிப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் போனபின் மனைவி அந்த இரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏழு பேரோட துணியத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம். மிதிச்சுத் தச்சு முடிக்க ஏலாதுன்னு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. மத்தியானமே இருட்டி, மலைமேலிருந்து பனி இறங்கி, தகர இடுக்கு வழியாகப் புகை மாதிரி இஸ்தோப்புக்குள் வந்தது. சுவிட்சைப் போட்டேன். உளியை வைத்தேன். மரம் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் 'டடக், டடக்' கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மோட்டர் இல்லை. ஆனால் ஒரு முறை ஒருத்தர்மேல் விழுந்த சந்தேகம் லேசில் வீடு மாறுவதில்லை. இஸ்திரிப் பெட்டியைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை, செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். அக்கா வீட்டு வாசலில், கதவுக்கு மேலே இருக்கும் கரண்ட் மீட்டரைப் போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்த வட்டத் தகடு ஊர்ந்துகொண்டிருந்தது, போகலாமா வேண்டாமா என்பதுபோல. ஜன்னல் திறந்திருந்தது. அக்கா தையல் மிஷின்முன் கோணலாக உட்கார்ந்திருந்தார். வலது காலைத் துணி சுற்றி ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தார். இடது கால் மட்டும் மிதித்தது. கம்பியில் பைகள் தொங்கிய இடத்தில் பாதிக் கம்பி வெறுமையாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார்.

"என்னாங்க தம்பி, மீட்டரா? நல்லாப் பாருங்க. ஒரே ஒரு பல்பு எரியுது. அதையும் அணைச்சிரவா?"

"இல்லீங்க அக்கா. எங்க மீட்டரும் இதும் ஒரே மாதிரி ஓடுதான்னு..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவரும் முடிக்கச் சொல்லவில்லை. குனிந்து மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை மோட்டரைக் கழற்றி, கப்பியோடு சாக்கில் போட்டுக்கட்டி, பஸ்ஸில் ஹட்டனுக்குத் தூக்கிப் போனேன். கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, உள்ளுக்க ஆளா? அப்ப ரெண்டு டிக்கட் எடுக்கணும்" என்றான். சிரிக்க முயன்றேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டருக்குக் கம்பி சுற்றிப் பழுதுபார்க்கும் ஒரு சிங்கள 'பாஸ்', அதாவது தொழில்காரர், இருக்கிறார். செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்து உட்கார்ந்திருப்பார். தமிழ் அவர் வாயில் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக இறங்கி வரும்; வருகிறவரெல்லாம் அவருக்கு 'மாத்தயா', ஐயா.

அவர் மோட்டரை மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தார். ஓடியது. ஒரு மரத்துண்டை எடுத்துச் சுற்றும் தண்டில் வைத்து அழுத்தினார். மரம் புகைந்தது, மோட்டர் நிற்கவில்லை.

"மோட்டர் ஹொந்தய், மாத்தயா. நல்லா இருக்கு, ஒன்னும் இல்ல" என்றார். "வீட்டுல நிக்குது சொன்னீங்க. நிக்கிற நேரம் மோட்டர் நிக்குதா, மரம் நிக்குதா?"

நான் மேசைமேல் கிடந்த மோட்டரைப் பார்த்தேன். 

இத்தனை நாளும் நான் மரத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். என் முழங்கால் உயரத்தில், என் மேசைக்குக் கீழே, மோட்டர் சுற்றிக்கொண்டே இருந்ததா என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கரண்ட் குறைந்தால் மோட்டர் நிற்க வேண்டும். மோட்டர் ஓடி மரம் மட்டும் நின்றால் நடுவில் பெல்ட் வழுக்குகிறது. இவ்வளவுதான் விஷயம். குனிந்து பார்த்திருந்தால் முடிந்திருக்கும். நான் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தேன், மீட்டரை எட்டிப் பார்த்தேன், குனிய மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பாஸ் கண்ணாடியை இறக்கிக் கப்பியைத் திருப்பினார். பெல்ட் உட்காரும் பள்ளத்துக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். மஞ்சள் பொருக்கு ஒன்று வந்தது. மூக்கருகே வைத்தார். முகம் மலர்ந்தது.

"சந்தனம். பூஜையா, மாத்தயா?"

ஆமாம். ஆயுத பூசையன்று மிஷினைக் கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உளிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். மோட்டருக்கு மூன்று கோடு திருநீறு. அத்தோடு விட்டேனா? பெல்ட்டுக்கும் அழகு பார்த்தேன். கையால் சுற்றிச் சுற்றி, சாணுக்கு ஒரு பொட்டாக, கட்டைவிரலால் குழைத்துக் குழைத்துச் சந்தனம் வைத்தேன். கப்பியின் விளிம்பிலும் பூமாலை மாதிரி ஒரு சுற்று. மனைவிகூட, "பொண்ணுக்கு நலுங்கு வைக்கிற மாதிரில்ல வைக்கிறீங்க" என்று கேலி செய்தாள். அந்தச் சந்தனமும் திருநீறும் பள்ளத்துக்குள் இறங்கி, பெல்ட் ஓட ஓட மெருகேறி, கண்ணாடிபோல ஆகியிருந்தது. வெயில் நாளில் எப்படியோ பிடித்துக்கொள்ளும். பனி இறங்கினால் ஈரத்தில் குழைந்து வழுக்கும். மாலையில்தான் பனி இறங்கும். மாலையில்தான் நான் கடைவேன். மாலையில்தான் அக்கா தைப்பார்.

"நாங்களும் கும்பிடுறது, மாத்தயா" என்றார் பாஸ், மேசை ஓரத்தில் காய்ந்திருந்த பூவைக் காட்டி. "மோட்டர் தலையில பூசுங்க, எவ்வளவும் பூசுங்க. பெல்ட் போற பாதையில ஏன் பூசுறீங்க? சாமிக்கு அங்க என்ன வேல?"

அவர் சிரித்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து சாக்கைத் தோளில் ஏற்றியபோதுதான் முக்காலிமேல் நீட்டிய அக்காவின் கால் நினைவுக்கு வந்தது. எங்கள் வட்டகொடை வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். இடம் இருந்தது. உட்கார முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. பீலிக்குப் போகவில்லை, மிஷினோடு உட்கார்ந்தேன். இரண்டு கப்பிப் பள்ளத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் கறுப்பு போகும்வரை துடைத்தேன். பழைய பெல்ட்டின் பக்கவாட்டு மினுங்கியது. தூக்கிப் போட்டுவிட்டு ஹட்டனிலிருந்து கொண்டுவந்த புதியதை மாட்டினேன். ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இரண்டு கப்பியும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் கொஞ்சம் உள்வாங்கும் அளவுக்கு மோட்டரைப் பின்னால் தள்ளி இறுக்கினேன். கோடிப் பக்கத்துப் பெயரிங்கை விரலால் சுற்றியபோது மணல் அரைக்கும் சத்தம் கேட்டது. நான் தெளித்த மஞ்சள் தண்ணீர்தான், துரு. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்தேன். மாலையில் நல்ல பனி. உளியை வைத்து அழுத்தினேன். மேலும் அழுத்தினேன். மரம் நிற்கவில்லை. சுருள் கையில் விழுந்தது, வெதுவெதுப்பாக.

சுவருக்கு அந்தப் பக்கம் நாலு மிதி. நிறுத்தம். நாலு மிதி.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். பத்தடி. போகவில்லை. திங்கட்கிழமை வாசலில் கண்டபோது, "அக்கா, கரண்ட் சரியாயிருச்சு போல. மோட்டர மாட்டிக்கங்க" என்றேன்.

"சரியாயிருச்சா? யாரு வந்து பாத்தாங்க?"

"ஆபீஸ்ல இருந்து வந்திருப்பாங்க போல."

"நாங்க யாரும் பாக்கலியே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "வேணாங்க தம்பி. மாட்டிட்டு, திரும்பியும் பல்பு மங்கிச்சுன்னா அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்."

உள்ளேயிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, நான் வந்ததும் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "பொட்டு வச்சதும் நீங்க. பழி போட்டதும் நீங்க. கரண்ட் ஆபீஸ்காரன் என்னா பண்ணான், அவன எதுக்கு இழுக்குறீங்க?"

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குள் போனேன். அவர் வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு கைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், பெல்ட், பாஸ் கேட்ட கேள்வி, ஆபீஸ் பொய். அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார்.

"சந்தனமா?"

"ஆமாங்க அக்கா."

"அத ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? என் மோட்டர் இல்லேங்கறது எனக்கு மொதல்லயே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று நான் சுமந்துபோன சொல்லைக் கீழே வைக்க அந்த வீட்டில் இடம் இருக்கவில்லை.

சொல்லத்தான் போனேன். வியாழக்கிழமை விடிய, பீலிக்கு. ஞாயிறு தவிர மற்ற நாளில் பெண்கள் விடியவே வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். பெயர் போடும் நேரம் தவறக் கூடாது. தண்ணீர்ப் பக்கம் கூட்டம் இருக்காது. அது தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இரண்டே பேர் நின்றார்கள். "அக்கா மோட்டரால இல்லீங்க, என் மிஷின்லதான் பிழை" என்று சொன்னேன். "அப்பிடியா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாரம் இறங்கிய மாதிரி ஒரு ஏமாற்று உணர்ச்சியோடு பஸ் ஏறினேன்.

மாலையில் சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாகக் குரல் வந்தது.

"தம்பி."

"என்னாங்க அக்கா?"

"அன்னைக்கி இருபது பேரு. இன்னைக்கி ரெண்டு பேரு. அதுலயும் ஒருத்திக்குக் காது கேக்காது."

பிறகு மிதி. நிறுத்தம். மிதி.

தீபாவளி திங்கட்கிழமை. முந்தின ஞாயிறு பீலியில் லயமே இருந்தது. குடம், வாளி, கழுவப் போட்ட பானை, எண்ணெய்த் தலையோடு பிள்ளைகள். நான் தண்ணீர் விழும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கடையில் நூறு பேரிடம் பேசுகிறவன், மேடையில் கவிதை படித்தவன், இரண்டு குடம் நிறையும்வரை காத்திருந்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அக்கா மோட்டர் கரண்ட் இழுக்குதுன்னு சொன்னேன். அது பொய். என் மிஷின் பெல்ட்டுல நானே சந்தனம் பூசிட்டேன். அது வழுக்கிச்சு. அக்காமேல ஒரு பிழையும் இல்ல."



"பெல்ட்டுக்கா சந்தனம்?" என்றாள் ஒருத்தி. "அண்ணே, பூ வைக்கலியா அதுக்கு?"

"வளைகாப்பும் போட்டிருப்பாரு!"

"அப்ப எங்க டீவி ஏண்டி துடிச்சுச்சு?"

"ஒன் டீவி வாங்கின நாள்ல இருந்து துடிக்குது."

சிரிப்பு மேல் லயம் வரை போயிருக்கும். சிரிக்காமல் நின்ற ஒருத்தி, துணி திருப்பிக் கொடுக்கப்பட்ட ஏழு பேரில் ஒருத்தி, கேட்டாள்: "இத போன வாரம் சொல்லியிருந்தா என்னாங்கண்ணே?"

  போன வாரம் எனக்குத் தெரியும். போன ஞாயிறே தெரியும்.

அக்கா வரிசையில் இருந்தார்.  கேட்டவளிடம் திரும்பி, "துணிய வெட்டாமத்தான வச்சிருக்க? இப்பவே கொண்டா. முடிஞ்ச மட்டும் பாப்போம்" என்றார். அவள் ஓடினாள். இன்னும் சிலர் ஓடினார்கள்.

நான் அக்காவோடு அவர் வீட்டு வாசல் வரை போனேன். மோட்டர் மேசைக்கடியில், பழைய துணியில் சுற்றி இருந்தது. "குடுங்க அக்கா, நான் மாட்டித் தர்றேன்" என்று குனிந்தேன்.

"நீங்க தொடாதீங்க" என்றார். "பொட்டு வச்சிருவீங்க."

பின்னால் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, மகள் காட்டிக்கொடுத்தபடி இரண்டு திருகாணியை இறுக்கி, சின்ன பெல்ட்டை மாட்டி, சுவிட்சை அழுத்தினார். 'கிர்ர்'. நான் எங்கள் வீட்டுக்குள் வந்து, அன்று பூராவும் என் மிஷினைத் தொடாமல், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஏழில் நாலு முடிந்தது. மூன்று முடியவில்லை. நாலாவதை முடித்தபோது கம்பியில் தைக்காமல் தொங்கிய மூன்று பையையும் அக்கா தானே எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே போய் அந்த மூன்று கதவையும் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று மனைவி சொன்னாள்.

தீபாவளியன்று கோயிலில் எனக்கு அந்த மூன்று பேரையும் அடையாளம் தெரிந்தது. புதுச் சேலைக்குப் பழைய இரவிக்கை. பீலியில் என்னைக் கேட்டவளும் அதில் ஒருத்தி. அவளுடையது போன வருடத்து இரவிக்கை. இறுகிப்போயிருந்ததால் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துவிட்டிருந்தாள். மற்ற இடமெல்லாம் வெளுத்து, பிரித்த இடம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுக்காத சிவப்பாக, கையைத் தூக்கிக் கும்பிடும்போதெல்லாம் தெரிந்தது. அவள் முந்தானையை இழுத்து அதை மறைத்தாள். திரும்பியவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"என்னாண்ணே, மிஷினு ஓடுதா?"

"ஓடுதுங்க" என்றேன்.